பால்கே வீட்டுப் பிள்ளைகள்

போன வருஷம் தை மாதத்தில், நெய்வேலியில் நான் குடியிருக்கும் வட்டத்துப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என் மகள் கிருஷ்ண வேஷம் போட்டுக்கொண்டு காளிங்க நர்த்தனம் ஆடினாள். அவளுக்கு ஏழு வயது. அன்று காலையிலேயே உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் நூற்றொன்றைக் காட்டியது.

"வேண்டாங்க. டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. வேற பிள்ளை யாராவது ஆடட்டும்" என்றாள் என் மனைவி.

நான் கேட்கவில்லை. ஒரு மாதமாக ஒத்திகை நடந்திருக்கிறது. கடலூரிலிருந்து என் தங்கை குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டாள். வாடகைக்கு எடுத்த மயிற்பீலிக் கிரீடம் மேஜைமேல் பளபளத்துக்கொண்டிருந்தது. இரண்டு வேளை ஜுர மாத்திரை கொடுத்து, சாயங்காலம் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஆடினாள். நன்றாகவே ஆடினாள். அட்டையில் செய்த பாம்பின் தலைமேல் ஏறி நின்று புல்லாங்குழலைத் தூக்கியபோது கொட்டகையே கை தட்டியது. முன் வரிசையில் நான் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். திரை விழுந்ததும் குழந்தை படுதாவுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். நாலு நாள் படுக்கை.

அந்த நாலு இரவுகளில் ஓர் இரவு, அவள் தூங்குவதற்காகக் காத்திருந்தபோது, கம்ப்யூட்டரில் ஒரு மௌனப் படம் பார்த்தேன். 1919-ஆம் வருஷத்துக் 'காளிய மர்தன்'. அதிலும் கிருஷ்ணனாக வருவது ஒரு சிறுமிதான். அவளுக்கும் ஏறக்குறைய இதே வயது. அவளைப் படம் பிடித்தவரும் அவளுடைய அப்பாதான்.

அந்த அப்பா, தாதாசாகேப் பால்கே. இந்தியச் சினிமாவின் தகப்பனார் என்று அவரைச் சொல்கிறோம். அவர் பெயரில் சர்க்கார் 1969 முதல் வழங்கும் விருது சிவாஜி கணேசனுக்கும் கே. பாலசந்தருக்கும் கிடைத்ததால், அவர் பெயரைக் கேள்விப்படாத சினிமா ரசிகர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆனால் அவர் நிஜமாகவே தகப்பனாராக இருந்த பிள்ளைகளில் இருவர்தாம் நம் நாட்டுச் சினிமாவின் முதல் குழந்தை நட்சத்திரங்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே அந்த இரவுக்குப் பிறகுதான் அதில் அக்கறை பிறந்தது.

கதை ஒரு பையன் சொன்னதை வீட்டார் நம்பாததில் ஆரம்பிக்கிறது. 1911 வாக்கில் பால்கே தம் மூத்த பிள்ளை பால்சந்திரனைக் கூட்டிக்கொண்டு பம்பாய் கிர்காமில் ஒரு படக் கொட்டகைக்குப் போனார். திரையில் மிருகங்கள் ஓடின, நடந்தன. பையன் வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னான். சுவரில் மிருகங்கள் ஓடுவதாவது! அம்மா உட்பட ஒருவரும் நம்பவில்லை. அதற்காகவே மறுநாள் எல்லாரையும் பால்கே அழைத்துப் போனார். அன்று ஈஸ்டர் சமயமாதலால் மிருகப் படத்துக்குப் பதில் ஏசுநாதர் சரித்திரம் ஓடியது. ஏசுவைப் பார்த்துக்கொண்டிருந்த பால்கேயின் மனத்தில் ராமனும் கிருஷ்ணனும் இப்படி நடமாடும் நாள் எப்போது என்ற ஏக்கம் புகுந்துகொண்டது என்பது அவரே பின்னால் எழுதிய விஷயம். நம் திருச்சியில் ரெயில்வே உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியை வாங்கி ஊர் ஊராகக் காட்டியதும் இதே மாதிரி ஒரு ஏசு படத்தைத்தான். அதைப் பார்த்த எத்தனையோ பேர் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பால்கே ஒருவர்தான் பைத்தியம் பிடித்துத் திரும்பினார்.

அவருடைய பழைய சரித்திரத்தில் ஒரு செய்தியை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1870-இல் திரியம்பகத்தில் பிறந்து, பம்பாயிலும் பரோடாவிலும் சித்திரமும் போட்டோக் கலையும் படித்த பால்கே, கோத்ரா என்ற ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். 1900 வாக்கில் அங்கே பிளேக் வந்தது. முதல் மனைவியும் குழந்தையும் அதில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மணந்தவர்தான் சரஸ்வதி பாய், பால்சந்திரனின் அம்மா. ஆக, குழந்தையைப் பறிகொடுப்பது என்றால் என்ன என்று அந்த மனிதருக்குத் தெரியும்.

1912-இல் இன்ஷூரன்ஸ் பாலிஸியை அடகு வைத்துக் கடன் வாங்கி லண்டனுக்குக் கப்பலேறினார். வில்லியம்ஸன் காமிராவோடு திரும்பி வந்து, பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை ஒரு சின்னப் படமாக எடுத்துப் பணக்காரர்களுக்குக் காட்டினார். பணம் புரண்டது, போதாததற்கு மனைவியின் நகைகள் போயின. எடுத்துக்கொண்ட கதை, 'ராஜா ஹரிச்சந்திரா'.

பெண் வேஷத்துக்குப் பெண் கிடைக்கவில்லை என்பது எல்லாரும் சொல்லும் கதை. சாலுங்கே என்ற சமையற்கார இளைஞர் சந்திரமதியானார். ஆனால் லோகிதாசன்? தன் பிள்ளை பாம்பு கடித்துச் செத்து, சுடுகாட்டில் விறகின்மேல் கிடப்பதாக நடிக்க எந்தத் தாய் அனுப்பி வைப்பாள்? பால்கே வெளியே போகவில்லை. மிருகங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்த பால்சந்திரனுக்கே வேஷம் கட்டினார்.

எங்கள் பக்கத்தில் ஹரிச்சந்திரன் கூத்துப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. வடலூருக்குப் பக்கத்தில் என் பாட்டியின் கிராமத்தில், முந்திரித் தோப்பு ஓரமாகப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மயான காண்டத்தை நான் பார்த்திருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்குத்தான் சுடுகாடு வரும். கால் பணமும் முழத் துண்டும் கொடுத்தால்தான் பிணத்தைச் சுடலாம் என்று ஹரிச்சந்திரன் சொல்லும்போது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பிணமாகக் கிடந்த பையன் ஆர்மோனியக்காரரின் பிள்ளை. ஒரு தடவை அவனைக் கொசு கடித்துவிட்டது. பிணம் காலைச் சொறிந்துகொண்டது! ஊரே பார்த்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. சந்திரமதி ஒப்பாரியைத் தொடர்ந்தாள், நாங்கள் அழுகையைத் தொடர்ந்தோம். காமிராவுக்கு இந்தத் தாராளம் கிடையாது. செத்தவன் காலைச் சொறிந்தால் அது சொறிந்தபடியே என்றைக்கும் நிற்கும். மறுபடி எடுக்கலாமென்றால் பிலிம் சுருளுக்கு எங்கே போவது? வெயில் சாய்ந்தால் வெளிச்சத்துக்கு எங்கே போவது?

வெளிப்புறக் காட்சிகள் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் பால்சந்திரன் பாறைமேல் விழுந்தான். தலையில் அடிபட்டு ரத்தம் கொட்டியது. பால்கே கையோடு கொண்டு போயிருந்த மருந்துப் பெட்டியைத் திறந்து கட்டுப் போட்டார். பையனுக்கு நினைவு திரும்பவில்லை. குழந்தைக்குக் குணமான பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். பால்கே யோசித்தார். அடுத்து எடுக்க வேண்டியது, லோகிதாசன் இறந்துபோய்ச் சிதையில் கிடக்கும் காட்சி. நினைவில்லாத பிள்ளையை அப்படியே கிடத்திக் காட்சியை எடுத்துவிட்டார்கள்.

பால்கேயின் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகங்களில் இது கலைஞனின் வைராக்கியத்துக்கு உதாரணமாக வருகிறது. போன வருஷம் வரையில் இதைப் படித்திருந்தால் நான் இரண்டில் ஒன்று செய்திருப்பேன். ஒன்று, 'ஆஹா' என்று மெச்சியிருப்பேன். அல்லது, 'ராட்சஸன்' என்று திட்டியிருப்பேன். இப்போது இரண்டுமே வாயில் வரவில்லை. கடன், சம்பளக்காரர்கள், ஊர்ச் சோற்றில் நாள் கடத்தும் கோஷ்டி, மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன், இவையெல்லாம் அவர் முதுகில் இருந்தன. என் முதுகில் ஒரு வாடகைக் கிரீடம்தான் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கோத்ராவில் நிஜமாகவே தன் குழந்தையின் பிணத்தைப் பார்த்த கண், அந்தக் காட்சியைப் பார்க்க எப்படித் துணிந்தது?

என் மனைவிக்கு இதைச் சொன்னேன். அவள் பால்கேயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சரஸ்வதி பாய் செய்த வேலைகளுக்குக் கணக்கு உண்டு. கோஷ்டி முழுவதற்கும் சமைத்தார். படம் பிடித்த சுருளை இருட்டறையில் ரசாயனத்தில் கழுவினார். காமிராவில் பல் சக்கரம் பிடிப்பதற்குப் பிலிமின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் வேண்டுமல்லவா, ராத்திரியில் உட்கார்ந்து அந்தத் துளைகளைப் போட்டவர் அவர். தம் பிள்ளை பிணமாகக் கிடந்த சுருளும் அவர் கண்ணில் படாமல் போயிருக்காது. 2009-இல் வந்த 'ஹரிச்சந்திராச்சி ஃபாக்டரி' என்ற மராத்திப் படம் இந்தக் குடும்பத்தின் கூத்தை நகைச்சுவையாகக் காட்டுகிறது. நல்ல படம்தான். ஆனால் அந்த வீட்டில் சிரிப்பு மட்டுமே இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

'ராஜா ஹரிச்சந்திரா' 3,700 அடி நீளம், நாலு ரீல். 1913 ஏப்ரல் 21-ஆம் தேதி பிரமுகர்களுக்குக் காட்டினார்கள். மே 3-ஆம் தேதி பம்பாய் காரனேஷன் கொட்டகையில் பொது ஜனங்கள் பார்த்தார்கள். சுடுகாட்டில் கிடந்த பையன் கதையின்படி உயிர்த்து எழுந்தான்; நிஜத்திலும் பிழைத்து எழுந்தான். நாலு ரீலில் முதலும் கடைசியும்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. அவையும் 1917-இல் பால்கே மறுபடி எடுத்த படத்தின் பகுதிகளே என்று வாதாடும் ஆராய்ச்சிக்காரர்கள் உண்டு.

இனி மகளைப் பற்றி.

அதற்குள் பால்கே பெரிய மனிதராகிவிட்டார். 1917-இல் வெளிவந்த 'லங்கா தகனம்' நம் சென்னையில் ஓடியபோது வசூலான சில்லறைக் காசை மாட்டு வண்டியில் ஏற்றிப் போலீஸ் காவலோடு கொண்டு போனார்கள் என்று ஒரு கதை சினிமா சரித்திரப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. அந்தப் படத்தில் ராமன், சீதை இரண்டு வேஷமும் அதே சாலுங்கேதான். மறு வருஷம் நாசிக்கில் இந்துஸ்தான் கம்பெனியின் பெயரில் 'ஸ்ரீ கிருஷ்ண ஜன்மம்' எடுத்தபோது பால கிருஷ்ணனாகத் தம் மகள் மந்தாகினியை நிறுத்தினார். 1919-இல் 'காளிய மர்தன்'. சீதையாக ஓர் ஆண்பிள்ளை வந்த ஊரில் கிருஷ்ணனாக ஒரு பெண் குழந்தை! ஊர் வாய்க்குப் பயந்து பெண்கள் ஒதுங்கியிருந்த காலத்தில், சொந்த மகளைத் திரையில் காட்டுவதற்கு அந்தத் தகப்பனாருக்கு இருந்த நெஞ்சுரத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

'காளிய மர்தன்' ஆரம்பமே விசித்திரம். கதை தொடங்குவதற்கு முன்னால், வேஷம் ஒன்றும் இல்லாமல், மந்தாகினி நம் எதிரே வருகிறாள். ஒவ்வொரு பாவமாக முகத்தில் காட்டுகிறாள். பிறகுதான் அதே முகம் கிருஷ்ணனாகிறது. 'இதோ பாருங்கள், இது என் குழந்தை. இனிமேல் இவள் பகவான்' என்று ஜாலக்காரன் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு வித்தையைத் தொடங்குவது போல இருக்கிறது. பால்கேக்கு இந்திரஜால வித்தையில் பயிற்சி உண்டு. மேடையேறிச் செய்தும் காட்டியிருக்கிறார்.

பிறகு வெண்ணெய் திருடுகிறாள். தோழர்களோடு குறும்பு செய்கிறாள். தூங்குகிற ஒருவரின் தாடியையும் அவர் மனைவியின் தலைமயிரையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறாள். அந்தக் கால வழக்கப்படி மற்ற நடிகர்கள் கையை வீசி, மார்பில் அடித்து, மேடையில் நடிப்பது போலவே நடிக்கிறார்கள். நடுவே இந்தக் குழந்தை மட்டும் தெருவில் விளையாடுகிறது. நூறு வருஷத்துக்கு முந்திய பிலிமின் கீறலும் புள்ளியும் தாண்டி அந்த விளையாட்டு நம்மிடம் வருகிறது. பிறகு யமுனை. கரையில் ஊரே கூடிப் புலம்ப, தண்ணீருக்கு அடியில் பாம்போடு சண்டை. கடைசியில் காளியன் தலைமேல் நின்றபடி மேலே வருகிறாள். அண்ணன் லோகிதாசனாகப் பாம்பு கடித்துச் செத்தான். தங்கை பாம்பின் தலையையே மிதித்துவிட்டாள்.

திரையில் கிருஷ்ணன் தோன்றியதும் ஆண்களும் பெண்களும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள் என்பதை அந்தக் காலத்து ரசிகர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் கூத்தில் சாமி வேஷக்காரரைக் கும்பிடுவோம். ஆனால் அவர் ஒரு ராத்திரிக்குச் சாமி. விடிந்ததும் டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். மந்தாகினியின் நிலைமை வேறு. நாசிக்கில் அவள் பல் தேய்க்க மறுத்து அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், வேறு எங்கோ ஒரு கொட்டகையில் கிழவர்கள் அவள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருக்கக் கூடும். (அடி வாங்கினாள் என்பது என் ஊகம். ஏழு வயதுப் பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.)

அவள் நட்சத்திரமாக வளரவில்லை. அவள் பெயர் நிற்பது அந்த இரண்டு கிருஷ்ணர்களால்தான். தகப்பனாருக்கும் கம்பெனிக் கூட்டாளிகளோடு மனஸ்தாபம் வந்து காசிக்குப் போனார், திரும்பினார், டாக்கி வந்தது. 1937-இல் 'கங்காவதரணம்' என்ற பேசும் படத்தோடு அவர் கதையும் முடிந்தது. 1944 பிப்ரவரி 16-ஆம் தேதி நாசிக்கில் காலமானபோது ஊர் அவரை ஏறக்குறைய மறந்தே விட்டிருந்தது.

அமெரிக்காவின் கதை இதற்கு நேர் எதிர். 1921-இல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகனைத் தெரியாதவர் இல்லை. பையன் சம்பாதித்தது முப்பது நாற்பது லட்சம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். வயது வந்த பிறகு பார்த்தால் பெட்டி காலி. 1938-இல் தாயார் மேலும் மாற்றாந் தகப்பன் மேலும் வழக்குப் போட்டு, கைக்கு வந்தது 1,26,000 டாலர். அதன் பலனாகக் கலிபோர்னியாவில் 1939-இல் ஒரு சட்டம் பிறந்தது. 'பேபி பெக்கி' என்ற இன்னொரு குழந்தை, இரண்டு வயது நிரம்புமுன் காமிராவுக்கு எதிரே வந்தவர், சம்பாத்தியமெல்லாம் இழந்து, பின்னாளில் குழந்தை நடிகர்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதி, 2020-இல் 101 வயதில் காலமானார். நம் நாட்டில் 2017-இல் வந்த விதிகளின்படி குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணிக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது குழந்தையின் பெயரில் பாங்கியில் போட வேண்டும். பணத்துக்குக் கணக்கு வைக்கச் சட்டத்தால் முடியும். ஆண்டு விழாவுக்கு ஜுரத்தோடு போகிற குழந்தை இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் இப்படி ஒரு பிள்ளை உண்டா என்று தேடினேன். நம் மௌனப் படங்கள் அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. நடராஜ முதலியாரின் 'கீசக வத'த்தில் ஒரு அடிகூட மிஞ்சவில்லை. கன்னியாகுமரிப் பக்கத்து அகஸ்தீஸ்வரத்தோடு உறவுள்ள ஜே. சி. டேனியல், மலையாளத்தின் முதல் படமாக 'விகதகுமாரன்' எடுத்தார். 1930 வாக்கில் திருவனந்தபுரத்தில் வெளியானது. தலைப்புக்கு அர்த்தம் 'தொலைந்த குழந்தை'. இலங்கைக்குக் கடத்தப்படும் பையனின் கதை. அந்தப் பையனாக நடித்ததும் டேனியலின் சொந்தப் பிள்ளைதான்! படத்தால் சொத்தையெல்லாம் இழந்த டேனியல் 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். படச் சுருள் என்னவாயிற்று? வீட்டில் கிடந்த சுருளை, அவருடைய இன்னொரு பிள்ளை சிறு வயதில், நீல நிறமாக எரிகிறதே என்ற வேடிக்கையில் கொளுத்திவிட்டான். அவரே பெரியவரான பிறகு வருத்தத்தோடு சொன்ன விஷயம் இது. அந்தக் கால நைட்ரேட் பிலிம் நெருப்புக்காகவே காத்திருக்கும் வஸ்து. அண்ணன் நடித்தான், தம்பி எரித்தான். எங்கள் ஊரில் நூற்றைம்பது அடிக்குக் கீழே தோண்டினால், கோடி வருஷங்களுக்கு முன் விழுந்த மரம் நார் தெரியும்படி நிலக்கரியாகக் கிடைக்கிறது. தொண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பையனின் முகம் கிடைக்கவில்லை.

மந்தாகினி பிழைத்ததற்கு ஒரு மனிதர் காரணம். 1964-இல் பூனாவில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி. கே. நாயர். பால்கே குடும்பத்தாரிடம் துண்டு துண்டாகக் கிடைத்ததைச் சேகரித்து 'காளிய மர்த'னைக் கூடிய மட்டும் ஒட்டி வைத்தவர் அவர். அதனால்தான் நெய்வேலியில் ஒரு பிளாக் வீட்டில் உட்கார்ந்து நான் பார்க்க முடிந்தது.

ஜுரம் விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். மடியில் உட்கார்ந்து பார்த்தாள். வெண்ணெய்த் திருட்டுக்குச் சிரித்தாள். தாடியில் முடிச்சுப் போட்டதை இரண்டு தடவை போடச் சொன்னாள். பாம்புச் சண்டையில் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும், "மொதல்ல வந்துச்சே, அந்த மூஞ்சி காட்டறது, அது மறுபடியும்" என்றாள். போட்டேன். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, இப்ப சிரி, இப்ப அழுன்னு அந்தப் பாப்பாவுக்கு யாரு சொல்றாங்க?"

"அவங்க அப்பாதான். காமிராவுக்குப் பக்கத்துல நிப்பாரு."

"அன்னைக்கி அந்தப் பாப்பாவுக்கு ஜுரம் இருந்துச்சா?"

"தெரியலையேம்மா."

"அவங்க அப்பாவுக்குத் தெரியும்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னாள்.